உச்சி வெயிலில் ஒரு சாவி

பேருந்து காரைக்காலுக்குள் நுழைந்தபோது காலை ஆறரை மணி. என் மடியில் ஒரு சின்னப் பெட்டி. பினாங்கில் விமானம் ஏறியதிலிருந்து அதை நான் கீழே வைக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் உள்ளே என்ன என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். கண்ணாடி என்றேன். மூக்குக் கண்ணாடியா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அது ஒரு வடிகட்டிக் கண்ணாடி. நாணயத்தின் அகலம்தான் இருக்கும். சூரிய வெளிச்சத்தில் கலந்திருக்கும் அத்தனை நிறங்களையும் திருப்பி அனுப்பிவிட்டு, ஒரே ஒரு நிறத்தை, அதுவும் மயிரிழை அகலத்துக்கு மட்டும், உள்ளே விடும். அந்த நிறம் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஒளியியல் கூடத்தில் நான் தொழில்நுட்ப உதவியாளர். டாக்டர் பட்டம் கிடையாது. கண்ணாடியில் பூச்சுப் பூசுவதும் அதை அளந்து பார்ப்பதும்தான் என் வேலை. மூன்று வருடம் பூசிப் பூசிக் கழித்து, நாற்பதாவதோ நாற்பத்தொன்றாவதோ கண்ணாடியில் எனக்குத் திருப்தி வந்தது. அதைத்தான் மடியில் வைத்திருந்தேன்.

அதைக் கேட்டவர் காரைக்காலில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் டாக்டர் மாலதி. அதுவரை அவரை நான் கணினித் திரையில் மட்டும்தான் பார்த்திருந்தேன். ஒளியைத் துகள் துகளாக அனுப்பி ரகசியச் சாவி உண்டாக்கும் குவாண்டம் வேலை உலகத்தில் பல இடங்களில் நடக்கிறது. பெரும்பாலும் கண்ணாடி இழைக்குள் நடக்கும், இல்லையென்றால் இருட்டில் நடக்கும். மாலதி அதைத் திறந்த வெளியில், நண்பகலில், கடற்கரை வெக்கையில் செய்து காட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். பெரிய கூடங்கள் பெரிய கருவிகளை வைத்துக்கொண்டு செய்ததை, கல்லூரித் தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து. அதற்கு இரண்டு வருட நிதி கொடுக்கலாமா என்று பார்க்க, வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு குழு வருகிறது. ஒற்றை ஒளித்துகளை எண்ணும் கருவி இரவல். சனிக்கிழமை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நான் வந்து இறங்கியது திங்கள்.

பேருந்து நிலையத்தில் என் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றவர் இஸ்மாயில் பாய். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மாலதியின் கருவிகளை ஏற்றி இறக்கும் ஆட்டோ அவருடையது.

"பசியாறியாச்சாம்மா?" என்றார்.

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்று சொல்வது எங்கள் பினாங்குப் பேச்சு என்றுதான் நாற்பத்தாறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். "நாங்களும் இப்படித்தான் சொல்லுவோம்" என்றேன். "அப்ப நம்மூர்லேர்ந்து யாராவது கொண்டுபோயிருப்பாங்க" என்று வண்டியைக் கிளப்பினார். ஒரு கடையில் நிறுத்தி இறால் வாடா வாங்கிக் கொடுத்தார். வடையைவிடப் பெரிது, உள்ளே வெங்காயம், மேலே முழு இறால். பினாங்கில் பல தெருக்கள் சுற்றிச் சாப்பிடுகிறவள் நான். இந்த வாடாவுக்கு இணையாக அங்கே எதைச் சொல்வது என்று யோசித்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

தங்கியது திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜ். வரவேற்பறை முழுக்கச் சனீஸ்வரனைக் கும்பிட ஆந்திராவிலிருந்து வந்த குடும்பங்கள். பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். மேசைக்காரர் சிரித்தார். என்ன என்று கேட்டேன். "பெட்டியை விடாமப் புடிச்சிருக்குதே, இந்தப் பொண்ணுக்கு என்ன தோஷமோன்னு கேக்குறாங்க" என்றார்.

அன்று மாலை தண்ணீர்த் தொட்டி மேல் மாலதியை நேரில் பார்த்தேன். திரையில் பார்த்ததைவிடக் குட்டை, குரல் பெரிது. சுரக்குடியில் நெல் சாகுபடிக் குடும்பம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் விறுவிறுவென்று ஏறினார். அனுப்பும் கருவியை அங்கே பொருத்தியிருந்தார். வடக்கே கையைக் காட்டி, "அந்தத் தென்னைக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவுல வெள்ளையாத் தெரியுது பாருங்கக்கா, அதான் திருவேட்டக்குடி புயல் பாதுகாப்புக் கட்டடம். அது மொட்டை மாடியிலதான் நீங்க" என்றார். ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, கடலை ஒட்டி, ஒரு பல் அளவுக்குத் தெரிந்தது.

"வந்து சேருமா?" என்று கேட்டேன்.

"விடியற்காலை வருது. வெயில் ஏறினா வெளிச்சத்துல மூழ்கிடுது. அதுக்குத்தான் உங்க கண்ணாடி."

செவ்வாய்க்கிழமை தொலைநோக்கி, எண்ணும் கருவி, மடிக்கணினி எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருவேட்டக்குடிக்குப் புறப்பட்டோம். குறுவை அறுப்புக் காலம். அறுவடை இயந்திரம் ஒன்று சாலை அகலத்துக்கும் நிறைந்து முன்னால் போய்க்கொண்டிருந்தது. அரை மணி நேரம் அதன் பின்னால் வைக்கோல் தூசியைத் தின்றபடி நகர்ந்தோம். கடைசியில் அது வயலுக்குள் இறங்கியதும் இஸ்மாயில் பாய் வேகமெடுத்தார். இருநூறு அடி போவதற்குள் பின் சக்கரம் பஞ்சர். மாற்றுச் சக்கரத்திலும் காற்று இல்லை.

பத்து நிமிடம் கழித்து மீன் இறங்குதுறைக்கு ஐஸ் ஏற்றிப் போகும் ஒரு சின்ன லாரி வந்தது. பாய் குறுக்கே போய் நின்று கையைக் காட்டினார். ஓட்டுநர் என்ன சாமான் என்று கேட்டார். "வெளிச்சத்தை எண்ணுற மிஷினு, உலுக்காமப் போகணும்" என்றார் பாய். அந்த மனிதர் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஐஸ் பாளங்களுக்கு நடுவே தொலைநோக்கியைப் படுக்க வைத்தோம். நான் முன்னால் பெட்டியோடு உட்கார்ந்தேன். அந்த ஊருக்கு நான் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்: மேலே வெயில் கொளுத்த, முதுகுப் பக்கம் குளிர் அடிக்க.

மொட்டை மாடிக்கு ஏறினால் கால் வைக்க இடமில்லை. முழுக்கக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பெண் கூடையோடு நின்றார். வசந்தா. மீன் விற்கிற பெண்கள் குழுவுக்குத் தலைவி. கட்டடத்தின் சாவியும் அவரிடம்தான்.

"மாலதி டீச்சர் சொன்னாங்க. ஆனா மாடி பூரா வேணும்னு சொல்லலியே" என்றார்.

பாதி போதும் என்றேன். அவர் என்னையும் தொலைநோக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தெற்கு ஓரத்துக் கருவாட்டைத் தாமே அள்ளி ஒதுக்கினார். "நாலு நாளைக்குத்தான். அதுக்கு மேல மழை வந்தா நான் எங்க போவேன்?" என்றார். அந்தக் கேள்வி நியாயமாக இருந்தது. நானும் சேர்ந்து அள்ளினேன். சாயங்காலம் வரைக்கும் என் கையில் வாளைக் கருவாட்டு வாசம்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் துகள்கள் வந்தன. அதை எப்படிச் சொல்வது? கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மடிக்கணினியில் ஒரு கோடு தரையிலிருந்து எழுந்து நிற்கும், அவ்வளவுதான். மாலதி அங்கிருந்து ஒவ்வொரு துகளையும் ஒரு திசையில் அதிரவிட்டு அனுப்புகிறார். எந்தத் திசை என்பது அந்த நொடியில் சீட்டுக் குலுக்கிப் போட்டது மாதிரி. இங்கே என் கருவியும் அதேபோலக் குருட்டாம்போக்கில் ஒரு திசையில் பார்க்கிறது. பிறகு சாதாரணத் தொலைபேசித் தொடர்பில் இரண்டு கணினிகளும் எந்தெந்த முறை ஒரே கோணத்தில் பார்த்தோம் என்று மட்டும் பேசிக்கொள்ளும். ஒத்துப்போனவற்றைச் சேர்த்தால் இரண்டு பக்கமும் ஒரே எண் வரிசை கிடைக்கும். அதுதான் சாவி. நடுவில் யாராவது துகளைப் பிடித்துப் பார்த்தால் அதன் அதிர்வு குலைந்துவிடும், தவறுகள் கூடும், திருட்டு தெரிந்துவிடும்.

எட்டு மணிக்குக் கோடு நன்றாக இருந்தது. ஒன்பதுக்கும் இருந்தது. "அக்கா, தாங்குது போல" என்று தொலைபேசியில் மாலதி கிசுகிசுத்தார், சத்தம் போட்டால் கலைந்துவிடும் என்பதுபோல. ஒன்பதரைக்குக் கோடு சரியத் தொடங்கியது. பத்தரைக்குத் தரையோடு தரை. பன்னிரண்டு மணிக்கு வந்ததெல்லாம் வெறும் சூரிய இரைச்சல்.

"கண்ணாடி போதல போலருக்கு" என்றார் மாலதி தொலைபேசியில். கடிந்துகொள்ளவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மூன்று வருடம், நாற்பது கண்ணாடி. அந்த வெயிலில் நின்றுகொண்டு, பினாங்குக்குத் திரும்பிப் போய் என்ன சொல்வேன் என்று யோசித்தேன்.

மூன்றரை மணிக்குக் கடல் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து எங்கள் மாடிக்கு மேல் நின்றது. நிழல் எங்கள் மேல் மட்டும்தான். காரைக்கால் பக்கம் வானம் பளபளவென்றுதான் இருந்தது. தொலைநோக்கி பார்த்துக்கொண்டிருந்ததும் அந்த வானத்தைத்தான். ஆனால் கால் மணி நேரத்தில் கோடு மெல்ல எழுந்தது. மேகம் விலகி வெயில் மாடியில் அடித்த பிறகும் அது உடனே விழவில்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் சரிந்தது.

அதை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். காரணம் அப்போது புரியவில்லை.

அன்று மாலை மாலதி என்னைச் சுரக்குடிக்கு அழைத்துப் போனார். களத்தில் நெல் குவிந்திருந்தது, அவர் தம்பி படுதா போட்டு மூடிக்கொண்டிருந்தார். மாலதியின் அம்மா இலை போட்டுக் கத்தரிக்காய்க் கொத்சும் வாழைப்பூப் பொரியலும் பரிமாறினார். புது அரிசிச் சோறு கொஞ்சம் குழைவாக இருந்தது. "புதுசு அப்படித்தான் இருக்கும், கோச்சுக்காதீங்க" என்றார் அவர். எங்கள் ஊரில் அரிசி பழசா புதுசா என்று யாரும் கேட்பதில்லை, பையைப் பிரித்துக் கொட்டுவோம். சூடான சோற்றில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தேன்.

"சுடுதா? ஆற விட்டுச் சாப்பிடுங்க" என்றார் அம்மா.

ஆற நேரமாகும். வெளிச்சம் ஆறுவதற்கு நேரம் ஆகாது. வெயில் பட்டதும் வெளிச்சம் வந்துவிடும், நிழல் வந்ததும் போய்விடும். பத்து நிமிடம் தாமதித்து வருவதும் போவதும் சூடு.

எழுந்து கை கழுவிவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தேன். "மாலதி, நம்மைக் கெடுக்கிறது வெளிச்சம் இல்லை. என் கண்ணாடி சூடாகுது" என்றேன். பினாங்குக் கூடத்தில் குளிர்சாதனத்தில் வைத்துத்தான் அதை அளந்திருந்தேன். இங்கே மாடியில் அதை மாட்டியிருக்கும் தொலைநோக்கிக் குழாய் முழுக்கக் கொதிக்கிறது. சூடேறினால் கண்ணாடி உள்ளே விடும் நிறம் மயிரிழை அளவு நகரும். எங்கள் துகளின் நிறமும் மயிரிழைதான். வாசலையே தள்ளிவைத்துவிட்டால் வந்த விருந்தாளி எப்படி உள்ளே நுழைவார்?

மாலதி சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "அப்ப கண்ணாடி நல்ல கண்ணாடிதான்" என்றார்.

"நல்ல கண்ணாடிதான். நான்தான் அதைக் குளிர்ல மட்டும் வச்சுப் பழக்கிட்டேன்."

"சாய்ச்சா?"

அதையேதான் நானும் நினைத்தேன். சூடு நிறத்தை ஒரு பக்கம் தள்ளும். கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் அது எதிர்ப் பக்கம் தள்ளும். ஒன்றையொன்று சரிக்கட்டலாம். ஆனால் சூடு ஒரே அளவில் நிற்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் எவ்வளவு என்று சாய்ப்பது? மாடியில் குளிர்சாதனம் கிடையாது. அந்தக் கேள்வியோடுதான் லாட்ஜுக்குத் திரும்பினேன்.

வியாழக்கிழமை இறங்குதுறைக்குப் போய் ஒரு தெர்மகோல் மீன் பெட்டியும் அது நிறைய ஐஸும் வாங்கினோம். இஸ்மாயில் பாய் சக்கரம் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். பெட்டியில் ஓட்டை போட்டு, வடிகட்டி இருக்கும் குழாயை அதற்குள் செலுத்தி, சுற்றி ஐஸ் அடுக்கினேன். ஐந்து நிமிடத்தில் எல்லாம் போயிற்று. கண்ணாடி முழுக்கப் பனித்துளி. கடற்கரைக் காற்றின் ஈரம் முழுவதும் என் மூன்று வருட உழைப்பின் மேல் முத்து முத்தாக உட்கார்ந்திருந்தது. துடைத்தேன். மறுபடி வந்தது. மணி ஒன்பதரை.

கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த வசந்தா கிட்டே வந்து பார்த்தார்.

"என்னா மேடம், மீனா வச்சிருக்கீங்க உள்ள?"

கண்ணாடி, சூடாகக் கூடாது, ஐஸ் வைத்தால் வேர்க்கிறது என்று சொன்னேன்.

"ஐஸு வச்சா வேர்க்கத்தான் செய்யும். சில்லுன்னு இருக்கணுமா, சூடேறாம இருந்தா போதுமா?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "ஏறாம இருந்தா போதுங்க" என்றேன்.

"அப்ப ஐஸ எடுத்துக் கொட்டுங்க. வெறும் பெட்டியே தாங்கும். மேல ரெண்டு ஈரச் சாக்கு போட்டு அப்பப்ப தண்ணி தெளிச்சீங்கன்னா மத்தியானம் வரைக்கும் ஒரே மாதிரி இருக்கும். நான் சந்தைக்கு அப்படித்தான கொண்டுபோறேன்."

ஐஸைக் கொட்டினேன். பெட்டியைத் துடைத்துக் காயவைத்துக் குழாயைச் சொருகினேன். வசந்தா கீழே போய் இரண்டு கோணிச் சாக்குகளைத் தண்ணீரில் முக்கிக் கொண்டுவந்து தாமே சுற்றினார். உள்ளே ஒரு வெப்பமானியை வைத்தேன். பத்து மணிக்கு முப்பத்தொன்று காட்டியது. பத்தரைக்கும் முப்பத்தொன்று. மாடியின் தரையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை, பெட்டிக்குள் முப்பத்தொன்று.

கோடு தரையோடுதான் கிடந்தது. வடிகட்டியைச் சாய்க்க அதன் பின்னால் இருக்கும் திருகில் விரலை வைத்தேன். இது என் கை வேலை. எத்தனை பட்டம் வாங்கினாலும் இதை விரல்தான் செய்ய வேண்டும். அரைக்கால் சுற்று. ஒன்றுமில்லை. இன்னும் ஒரு இம்மி. கோடு அசைந்தது. இன்னும் ஒரு இம்மி திருகினேன். எழுந்து நின்றது.

"அக்கா." தொலைபேசியில் மாலதி. "அக்கா, தொடாதீங்க. கைய எடுங்க. அப்படியே இருங்க."

கையை எடுத்தேன். பதினொன்று ஆனது. பதினொன்றரை. கடல்காற்று கிளம்பியது, கோடு நடுங்கியது, விழவில்லை. வசந்தா ஒரு சொம்பில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு இரண்டு கணினிகளிலும் முதல் சாவி முழுதாக விழுந்தது. மாலதி தன் பக்கத்து எண்களைப் படித்தார், நான் என் பக்கத்தைப் பார்த்தேன். பத்து, இருபது, முப்பது எண்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. சத்தமாகச் சொல்லிவிட்டதால் அந்தச் சாவி இனி ரகசியமில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் என்ன? வந்துகொண்டே இருந்தது.

தொலைபேசியில் மாலதி அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. என் நிலைமையும் அதுதான். இஸ்மாயில் பாய் மாடிப்படியில் நின்று, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் சர்பத் வாங்கக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை குழு இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பேர் மாலதியோடு தொட்டி மேல். தலைவர் என்னோடு மாடியில். தகவல் தொடர்புத் துறையில் நெடுங்காலம் இருந்தவர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. சாக்கு சுற்றிய மீன் பெட்டியைப் பார்த்ததும் நின்றார்.

"இது என்ன?"

"வெப்பம் மாறாமல் காக்கும் உறை" என்றேன்.

குனிந்து முகர்ந்து பார்த்தார். "நீங்க டாக்டர் புஷ்பாவா?"

"புஷ்பா. டாக்டர் இல்லைங்க. இந்த வடிகட்டி நான் செஞ்சது."

பன்னிரண்டு மணிக்குத் தொடங்கினோம். தலைக்கு நேர் மேலே சூரியன். எங்கள் நிழல் காலடிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. கோடு எழுந்து நின்றது. ஐந்து நிமிடத்தில் சாவி விழுந்தது. அந்தச் சாவியால் பூட்டி மாலதி ஒரு வரியைச் சாதாரணத் தொலைபேசி வழியே அனுப்பினார். திரையில் முதலில் கண்டபடி எழுத்துகள். என் சாவியைப் போட்டதும் தமிழாகியது: "மணி 12.10. குடை பிடிக்காமல் நிற்கிறோம்."

தலைவர் அதை வாய்விட்டுப் படித்தார். "திருடிப் பார்க்கலாமா?" என்றார்.

அதற்குத் தயாராகவே இருந்தோம். ஒளியின் அதிர்வை ஒரே திசைக்கு மாற்றிவிடும் ஒரு கண்ணாடித் தகட்டை அவர் கையில் கொடுத்தேன். நடுவில் ஒருவன் துகளைப் பிடித்துப் பார்த்தால் என்ன ஆகுமோ அதைத்தான் அந்தத் தகடும் செய்யும். அவர் தொலைநோக்கியின் வாய்க்கு நேராக அதைப் பிடித்தார். தவறு காட்டும் எண் ஏறியது. ஏறிக்கொண்டே போய், நான்கில் ஒன்று தப்பு என்ற அளவில் நின்றது. திரை சிவந்தது. சாவி உண்டாவது நின்றுவிட்டது.

"நின்னுடுச்சே. அப்போ தோல்விதானே?" என்றார்.

"நின்னதுதாங்க வெற்றி. நீங்க கை வச்சது ரெண்டு ஊருக்கும் தெரிஞ்சிடுச்சு. இனி அந்தச் சாவியில யாரும் எதையும் பூட்ட மாட்டாங்க. தகட்டை எடுங்க, புதுசு வரும்."

எடுத்தார். கோடு நிமிர்ந்தது. திரை பச்சையானது. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சூரியனை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார், கண் கூச முகத்தைத் தாழ்த்தினார். "நேத்து ராத்திரிகூட நான் சொல்லிக்கிட்டுதான் வந்தேன், பகல்ல ஆகாதுன்னு" என்றார். பிறகு தொலைபேசியை வாங்கி மாலதியிடம், "அந்தத் தொட்டி உங்களுக்குத்தாம்மா. ரெண்டு வருஷத்துக்கும் நிதி எழுதிடறேன். இந்தப் பக்கத்து மாடியையும் சேர்த்து" என்றார்.

"அது என்னோட மாடி" என்றார் பின்னாலிருந்து வசந்தா. "பாதிதான்."

"பாதி" என்று தலைவர் திருத்திக்கொண்டார்.

குழு சாப்பிடப் போன பிறகு இணைப்பை நிறுத்தாமல் விட்டிருந்தோம். எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க எனக்கே ஆசை. ஒன்றரை மணி வாக்கில் மீன் விற்றுத் திரும்பிய பெண்கள் ஏழெட்டுப் பேர் வெறுங்கூடையோடு மாடிக்கு வந்தார்கள். விஷயம் கேள்விப்பட்டிருந்தார்கள். தொலைநோக்கியையும் வானத்தையும் பார்த்தார்கள்.

"எங்க வருது? ஒண்ணும் காணோமே" என்றார் ஒருவர்.

"கண்ணுக்குத் தெரியாதுங்க."

"தெரியாததையா மூணு நாளா வெயில்ல நின்னு புடிச்சீங்க? இதுனால நமக்கு என்னா?"

"நீங்க பேங்க்ல கைரேகை வைக்கிறீங்கல்ல, ஆஸ்பத்திரியில சீட்டுப் போடுறீங்கல்ல, அதெல்லாம் கம்பியில போறப்போ எவனும் ஒட்டுக்கேக்காம இருக்கணும். என்னைக்காவது அது இப்படிப் போகும். இன்னைக்கு இல்லை."

அவர்கள் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. வசந்தா முன்னால் வந்தார். தொலைநோக்கிக்குள் கண்ணை வைக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தது நினைவிருந்தது. பக்கவாட்டில் நின்றுகொண்டு, அதன் வாய்க்கு முன்னால் கையை நீட்டினார். திரையில் கோடு பட்டென்று தரைக்கு விழுந்தது. கையை எடுத்தார். எழுந்தது. மறுபடி நீட்டினார். விழுந்தது.

"இது நான் நிறுத்துனதா தங்கச்சி?" அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர்.

"நீங்கதான் அக்கா. காரைக்கால்லேர்ந்து வர்றது உங்க கையில பட்டு நிக்குது."

வசந்தா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். செதில் ஒட்டியிருந்தது, வேறொன்றும் இல்லை. பிறகு மற்றவர்களைப் பார்த்து, "வாங்கடி, ஒவ்வொருத்தியா வாங்க" என்றார். கூடைகளைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒருத்தி கையை நீட்டுவதும் கோடு விழுவதும், எடுத்ததும் எழுவதும், எல்லோரும் திரையை எட்டிப் பார்ப்பதுமாக இருந்தது.

தொலைபேசி அடித்தது. "அக்கா, என்னாச்சு? வருது, போவுது, வருது, போவுது. காத்தா? சாக்கு காஞ்சிடுச்சா?" மாலதி பதறினார்.

"ஒண்ணும் ஆகலை. திருவேட்டக்குடி கை வச்சுப் பாக்குது" என்றேன்.

அந்தப் பெரிய குரல் சிரித்தது. "எத்தனை பேரு?"

"படியில இன்னும் வந்துக்கிட்டிருக்காங்க."

"பாக்கட்டும் விடுங்க. நான் இங்கேர்ந்து அனுப்பிக்கிட்டே இருக்கேன்."

வெயில் சாயும் வரை அந்த இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. எத்தனை தடவை என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். கை விலகிய ஒவ்வொரு தடவையும் கோடு எழுந்து நின்றது.